கடலடியில் ஒரு தந்தை



சென்ற மாதத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்து கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு அப்பத்தா திருவுடை அறையின் வாயிலில் வந்து நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, துணியில் பொதிந்திருந்த ஒரு சிறு பொருளை என் கையில் வைத்தார். விரல் நீளம் இருக்கும். உலர்ந்து, எலும்பு போல் இறுகிப் போயிருந்தது. குதிரையின் தலை, புடைத்த வயிறு, சுருண்ட வால். பார்த்த மாத்திரத்தில் அது கடல் குதிரை என்று தெரிந்து கொண்டேன்.

"சாமி, பேரனுக்கு இளைப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கிடக்கிறான். இதைத் தேனில் உரைத்துக் கொடுத்தால் நின்று விடுமாம். ஓரியூர்த் திருநாளுக்குப் போயிருந்தபோது தெரிந்தவர்கள் கொடுத்தார்கள். நீங்கள் ஒரு செபம் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

நான் உடனே விடை கூறவில்லை. கூறுவதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதே ஐயமாக இருந்தது. ஏன் என்பதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்வேன். "பையனை முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள் அம்மா. இது என்னிடமே இருக்கட்டும். இதைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்தப் பேச்சைத்தான் இந்த மாதம் எல்லாக் குடும்பங்களோடும் பேச விரும்புகிறேன்.

கல்லல் மக்களாகிய நமக்குக் கடலோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நாம் கண்மாய் நீரை நம்பி வாழ்கிறவர்கள். நமக்குத் தெரிந்த மீன் கெண்டையும் விராலும் கெளுத்தியும்தான். ஆயினும் தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போய்ச் சேர அரை நாள் கூட ஆகாது. 1987ஆம் ஆண்டு நமது சிவகங்கை மறைமாவட்டம் உருவானபோது, வானம் பார்த்த நம் பூமியும் இராமநாதபுரத்துக் கடற்கரையும் ஒரே குடும்பமாயின. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தர் குருதி சிந்திய ஓரியூர் மண்ணுக்கு நாம் போகும்போது, அங்கே நம்மோடு முழந்தாளிடுகிறவர்களுள் பாதிப் பேர் வலை இழுத்துக் காய்த்த கைகளை உடையவர்கள். நம் சமையலறைக்கு வரும் கருவாடு அவர்கள் உழைப்பு. எனவே அவர்கள் கடலில் நடப்பது நம் வீட்டுச் செய்தியே.

மீனா, குதிரையா?

கடல் குதிரை மீன் இனத்தைச் சேர்ந்தது. செவுள்களால் மூச்சு விடுகிறது; துடுப்புகளும், மிதப்பதற்குரிய காற்றுப்பையும் அதற்கு உண்டு. ஆனால் மற்ற மீன்களுக்குள்ள செதில் அதற்கு இல்லை. அதற்குப் பதிலாக, எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அடுக்கப்பட்டு, அவற்றின் மேல் மெல்லிய தோல் போர்த்தப்பட்டிருக்கிறது. மற்ற மீன்கள் படுக்கை வாட்டத்தில் நீந்த, இது நிமிர்ந்து நின்று நீந்துகிறது. வாலில் துடுப்பு இல்லை. குரங்கின் வால் கிளையைப் பற்றுவது போல, இதன் வால் கடற்புல்லின் தாளைச் சுற்றிப் பற்றிக் கொள்கிறது. அந்த வாலின் குறுக்குவெட்டு சதுரமாக இருப்பதால் பிடி உறுதியாக இருப்பதுடன், நெருக்கினாலும் நசுங்காமல் தாங்குகிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

உலகில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைக் கடல் குதிரைகள் அறியப்பட்டுள்ளன. ஓர் அங்குலம் கூட வளராத குள்ளர்களும், ஒரு சாணுக்கு மேல் வளர்பவையும் அவற்றுள் உண்டு. நமது பாக் நீரிணைப் பகுதியிலும் மன்னார் வளைகுடாவிலும் பல வகைகள் வாழ்கின்றன. மஞ்சளும் கருப்புமாய்த் தோன்றும் ஒரு வகை, முதுகில் மூன்று கரும்புள்ளிகள் உடைய ஒரு வகை, உடலெங்கும் முள் நிறைந்த ஒரு வகை, எல்லாவற்றிலும் பெரிதாய் வளரும் ஒரு வகை என மீனவர்கள் இவற்றை வலையில் கண்டிருக்கிறார்கள்.

நீந்துவதில் இதைப் போல் திறமை குறைந்த மீன் அரிது. முதுகில் உள்ள விசிறி போன்ற சிறு துடுப்பு நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் அடித்துக் கொள்கிறது. அப்படியும் நத்தை வேகம்தான். அலை சற்றுக் கடுமையானால் களைத்துப் போகும். பற்கள் இல்லை, இரையைத் தங்க வைக்க இரைப்பையும் இல்லை. உண்டது உடனே குடலில் இறங்கிச் சென்று விடுவதால், நாள் முழுவதும் உண்டு கொண்டே இருக்க வேண்டும். ஓட முடியாது, கடிக்க முடியாது, பட்டினி கிடக்கவும் முடியாது. பெரிய மீன்களும் நண்டுகளும் பறவைகளும் சூழ்ந்த கடலில் இப்படி ஓர் உயிர் எப்படிப் பிழைத்திருக்கிறது?

மறைந்து வாழும் கலை

படைத்தவர் அதற்கு அளித்த பாதுகாப்பு, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரமேயாகும். கடல் குதிரையின் தோலில் நிறமிகள் அடங்கிய நுண்ணறைகள் உள்ளன. அவை விரிந்தும் சுருங்கியும் உடலின் நிறத்தை மாற்றுகின்றன. பச்சைக் கடற்புல்லின் நடுவே பச்சையாகவும், பழுப்புப் பாசிகளின் இடையே பழுப்பாகவும், சேற்றோரத்தில் கருமையாகவும் அது சாயல் கொள்கிறது. சில வகைகளில் தலையிலும் முதுகிலும் இழை இழையாகத் தோல் வளர்ந்து பாசி ஆடுவது போலவே ஆடும். உண்மையான பாசியே சிலவற்றின் உடலில் படர்ந்து விடுவதும் உண்டு.

இந்தக் கலையின் உச்சத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1969ஆம் ஆண்டு, பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவில், ஆய்வாளர் ஒருவர் விசிறி போல் விரிந்த ஒரு வகைக் கடல்விசிறிப் பவளத்தைச் சேகரித்து மேசைமேல் வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். அப்போதுதான் அதன் மேல் ஒட்டிக் கொண்டிருந்த ஒரு சிறு கடல் குதிரை அவர் கண்ணில் பட்டது. பவளத்தின் மேல் உள்ள மொட்டுகளைப் போலவே அதன் உடலிலும் மொட்டுகள், அதே நிறம். கடலடியில் அதுவரை எவரும் அதைப் பிரித்தறிந்து குறிக்கவில்லை. இன்று அந்த வகை, கண்டவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒளிந்திருப்பது தற்காப்புக்கு மட்டுமன்று. அதன் உணவுக்கும் அதுவே வழி. இரு கண்களும் தனித்தனியே சுழலக் கூடியவை. ஒன்று முன்னே பார்க்க, மற்றொன்று பின்னே பார்க்கும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு இறால் இனங்களும் நுண்ணுயிர்களும் அருகில் வரும் வரை அசையாமல் காத்திருக்கும். குழாய் போன்ற அதன் மூக்கின் அமைப்பு, முன்னே நீட்டும்போது நீரைக் கலக்காத வகையில் அமைந்திருப்பதால், இரை அதன் வருகையை உணர்வதே இல்லை. அமைதியான நீரில் பத்து முயற்சிகளுள் ஒன்பது வெற்றியாகிறது என்று 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. பாய்ந்து பிடிக்கும் பெரிய மீன்களுக்கும் இத்தகைய வெற்றி வாய்ப்பதில்லை. வலிமை இல்லாதவனுக்குப் பொறுமையே வலிமை என்பதற்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை.

சுமக்கும் தந்தை

இனி, குடும்பங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். கடல் குதிரை இனத்தில் கருவைச் சுமப்பது தந்தை.

ஆணின் வயிற்றில், கங்காருவுக்கு இருப்பது போல ஒரு பை உண்டு. பெண் தன் முட்டைகளை அந்தப் பையில் இட்டு விடுகிறது. அங்கேயே அவை கருவுறுகின்றன. பை மூடிக் கொள்கிறது. முட்டைகளை வெறுமனே வைத்திருக்கும் பெட்டி என்று அதை எண்ண வேண்டாம். பையின் உட்சுவரில் இரத்த நாளங்கள் செறிந்து வளர்ந்து, கருவுக்கு மூச்சுக்காற்றை அளிக்கின்றன. உணவுச் சத்தும், எலும்பு வளரச் சுண்ணச் சத்தும் தந்தையின் உடலிலிருந்து போகின்றன. கழிவு அகற்றப்படுகிறது. பிறக்கப் போகும் குஞ்சுகள் கடலின் உப்புக்குப் பழகிக் கொள்ளும் வண்ணம், பைக்குள் உள்ள நீரின் தன்மையும் சிறிது சிறிதாக மாற்றப்படுகிறது. வகைக்கும் நீரின் வெப்பத்துக்கும் ஏற்ப இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை இச்சுமை நீடிக்கும். பேறுகால வேதனையும் தந்தைக்கே உரியது. மணிக்கணக்கில் உடலை வளைத்து வளைத்து அது குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது. ஒரே பேற்றில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவில், அச்சு அசல் கடல் குதிரை வடிவிலேயே வெளிவருகின்றன.

இன்னொன்றும் உண்டு. இவற்றுள் பல வகைகள், ஓர் இனப்பெருக்கக் காலம் முழுவதும் ஒரே துணையோடு வாழ்கின்றன. தந்தை சுமந்திருக்கும் நாட்களில், பெண் காலைதோறும் தன் இடத்திலிருந்து புறப்பட்டு ஆண் இருக்கும் இடத்துக்கு வருகிறது. இரண்டும் நிறம் மாறி, ஒரே புல்தாளைப் பற்றிச் சுற்றிச் சுற்றி வந்து, சில நிமிடங்கள் ஒன்றாக நீந்திப் பிறகு பிரிகின்றன. மறுநாள் காலையிலும் அப்படியே. இப்படி நாள் தவறாமல் சந்திப்பதே அவற்றின் பிணைப்பைக் காக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மீன்களைப் பார்த்து மனிதர் அறம் கற்க வேண்டும் என்று நான் வாதிடப் போவதில்லை. பிறந்த குஞ்சுகளை இந்தத் தந்தை திரும்பியும் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லி விட வேண்டும். ஆயிரம் குஞ்சுகளுள் வளர்ந்து ஆளாவது ஒரு சிலவே. ஆயினும் நம் ஊர் ஆடவர்களைப் பார்த்து ஒன்று கேட்பேன். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் பெண் வேலை என்று திண்ணையில் அமர்ந்து சொல்கிறோமே. இரவெல்லாம் இளைக்கும் பையனை மடியில் வைத்திருந்தவர் யார்? அப்பத்தாதான். அப்பன் அடுத்த அறையில் உறங்கினான் என்று பிறகு அறிந்தேன். தூய யோசேப்பு, தான் பெறாத பிள்ளையைக் கைகளில் ஏந்தி எகிப்துக்கு நடந்தவர். கிறிஸ்தவத் தந்தைக்கு அந்தத் தச்சனே முன்மாதிரி. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் கணவனும் மனைவியும் ஐந்து நிமிடம் முகம் பார்த்துப் பேசிக் கொள்வதற்கு நம் வீடுகளில் நேரம் இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அவற்றின் வீடு

பாக் நீரிணைக் கடல் ஆழமற்றது. பெரும்பகுதியில் பத்து, பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் இல்லை. வெயில் தரை வரை இறங்குவதால் அடியில் புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. இந்தக் கடற்புல் பாசியன்று. வேர், தண்டு, இலை உடையது. நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் உண்மையான தாவரம். பத்துக்கும் மேற்பட்ட வகைப் புற்கள் நமது கடலோரத்தில் உள்ளன. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசுவுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். இறாலுக்கும் நண்டுக்கும் எண்ணற்ற மீன் குஞ்சுகளுக்கும் அதுவே தொட்டில். கடல் குதிரைக்கு அதுவே வீடும் மறைவிடமும். புல் போனால் இவ்வளவும் போகும்.

அந்தப் புல்லுக்கு வந்த பெரும் துன்பம், கடலடியை உழுது கொண்டு போகும் இழுவை மடி. விசைப்படகுகள் கரையோரத்தில் இழுவை மடி போடலாகாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வரையறை செய்தது. அந்த வரையறை எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை என்பதை நாட்டுப்படகு மீனவர்களே வேதனையோடு கூறுவார்கள். இறாலுக்காக இழுத்த மடியில் கடல் குதிரையும் வருகிறது. தன் புல்லை விட்டு ஓடத் தெரியாத உயிரல்லவா? மறைந்து நிற்கும் அதன் கலை பெரிய மீனின் கண்ணை ஏமாற்றும். கண்ணற்ற வலையை ஏமாற்றாது. அகப்பட்டது, சங்காயம் என்று ஒதுக்கும் சிறு மீன் குவியலோடு கரை சேருகிறது.

இயேசு சொன்ன வலை உவமை உங்கள் நினைவுக்கு வரும். வலை எல்லாவகை மீனையும் வாரிக் கொண்டு வரும். கரையில் உட்கார்ந்து நல்லவற்றைப் பிரித்தெடுப்பார்கள். குருமடத்தில் பயின்ற நாட்களில், இந்த உவமையின் கருத்து இறுதித் தீர்ப்பு என்று மட்டுமே கற்றேன். இப்போது அதைப் படிக்கும்போது வேறொன்றும் தோன்றுகிறது. பிரித்தெடுக்கும் உரிமை இறைவனுடையது; காலத்தின் முடிவில் அவர் செய்வது. நாமோ பிரிக்காமல் வாரி, வேண்டாதவை என்று பெயரிட்டு, உயிர் போன பிறகு எறிந்து விடுகிறோம்.

விலை வைத்த பின்

வலையில் தற்செயலாய் அகப்படுவது ஒரு துன்பம் என்றால், தேடிப் பிடிப்பது மற்றொரு துன்பம். சீன நாட்டு மரபு மருத்துவத்தில் உலர்ந்த கடல் குதிரைக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. 1990களில் அந்நாட்டில் செல்வம் பெருகியபோது தேவையும் பெருகியது. அந்தப் பத்தாண்டின் நடுவில், உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்கு 2 கோடி அளவில் கடல் குதிரைகள் வணிகமாயின என்று கனடா நாட்டு உயிரியல் அறிஞர் அமாண்டா வின்சென்ட் அம்மையார் 1996இல் மதிப்பிட்டு வெளியிட்டார். அப்போது நமது கடலோரத்திலும், கடல் அட்டைக்காக மூழ்கியவர்கள் கடல் குதிரையையும் சேர்த்துப் பொறுக்கத் தொடங்கினார்கள். ஒரு கிலோ எடைக்குச் சில நூறு உயிர்கள் வேண்டும். கருவைச் சுமந்த தந்தை ஒன்றைப் பிடித்தால், பையில் உள்ள அத்தனை குஞ்சுகளும் சேர்ந்தே மாண்டன.

2001ஆம் ஆண்டு இந்திய அரசு, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் குதிரை இனம் முழுவதையும் சேர்த்தது. அன்று முதல் அதைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உலக நாடுகளும் 2002இல் கூடி முடிவெடுத்து, 2004ஆம் ஆண்டு மே மாதம் முதல் இதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுக்குள் கொண்டு வந்தன. இருந்தும், தமிழகக் கரையிலிருந்து இலங்கை வழியாகக் கடத்த முயன்ற மூட்டைகளை வனத்துறையும் கடலோரக் காவல் படையும் பிடித்த செய்திகள் இன்றும் நாளிதழ்களில் வந்து கொண்டுதான் இருக்கின்றன. தடை வந்த பின்னும் இந்தியாவிலேயே மிகுதியாகக் கடல் குதிரைகள் வலையில் மாய்வது நமது தமிழகக் கடலோரத்தில்தான் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இந்த இடத்தில் மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் கைகழுவக் கூடாது. பிலாத்தும் கைகழுவினான். டீசலுக்கும் வலைக்கும் கடன் வாங்கிக் கடலுக்குப் போனவன், எல்லையில் கைதாகாமல் திரும்பினாலே போதும் என்று குடும்பம் செபமாலை சொல்லிக் காத்திருக்கும் நிலையில் இருக்கிறான். வலையில் வந்த ஒரு பிடி கடல் குதிரைக்கு ஒருவன் பணம் நீட்டும்போது மறுக்க மன உரம் வேண்டும். அந்த உரத்தைச் சட்டம் மட்டும் தந்து விடாது. வாங்குகிறவன் இல்லாமற் போனால் விற்கிறவனும் இல்லாமற் போவான். வாங்குகிறவர்களுள் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பும் வணிகர் மட்டுமல்லர், முந்தானையில் முடிந்து வரும் அப்பத்தாவும் இருக்கிறார். பங்குச் சாமியும் இருந்தார்.

ஒரு பாவசங்கீர்த்தனம்

1990களின் இறுதியில், புதிதாய்க் குருப்பட்டம் பெற்று ஒரு கடற்கரைப் பங்கில் உதவிக் குருவாய் இருந்தேன். அங்கே ஒரு சிறுவன், பீடப் பணியாளன், உலர்ந்த கடல் குதிரை ஒன்றைக் கிறிஸ்மஸ் பரிசாக எனக்குக் கொடுத்தான். அதை அழகுப் பொருளாய் மேசைமேல் வைத்திருந்தேன். மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் எடுத்துச் சென்றேன். 2001இல் தடை வந்ததை நாளிதழில் படித்தேன். ஆனால் என் மேசையில் இருந்தது அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் பலர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். படைப்பைக் காக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலைப் பற்றி மூன்று ஞாயிறு மறையுரை ஆற்றினேன். ஒவ்வோர் உயிரும் நமக்குப் பயன்படுவதற்கு அப்பால் இறைவன் முன் தனக்கென ஒரு மதிப்பு உடையது என்று அதில் அவர் கூறியதை விளக்கியபோதும், அந்த உலர்ந்த உயிர் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

அப்பத்தா துணியை அவிழ்த்த அன்று நான் பேசாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இளைப்புக்கு என்ன வழி?

கடல் குதிரையை உரைத்துக் கொடுத்தால் குழந்தையின் இளைப்போ கக்குவான் இருமலோ தீரும் என்று நம் கடலோரத்தில் ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது. முன்னோர் வேறு மருந்து கிட்டாத காலத்தில் கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லேன். ஆனால் அது இந்நோயைத் தீர்க்கும் என்று முறையான மருத்துவ ஆய்வு எதுவும் நிறுவவில்லை. கக்குவானுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் ஊசியிலேயே அதுவும் அடக்கம். ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதிலும் போடும் ஊக்க ஊசிகளைத் தவற விடாதீர்கள். இளைப்பு நோய்க்கு, மூச்சுக் குழாயை விரிக்கும் உறிஞ்சு மருந்து அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. அதைத் தொடங்கினால் விட முடியாது என்று சொல்வது வீண் அச்சம். அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை, வீட்டினுள் பிடிக்கும் பீடி ஆகியவற்றைக் குழந்தையின் பக்கம் அண்ட விடாதீர்கள். மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுத்தாலும், பேச்சுத் தடைப்பட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். செபம் வேண்டாம் என்று குருவே சொல்வாரா? வண்டியில் போகும்போது செபியுங்கள்.

நம்பிக்கைக்கு இடம் உண்டு

அன்பர்களே, இருளை மட்டும் காட்டி நிறுத்த மாட்டேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. ஆவுளியாவுக்காகக் காக்கும் புல்வெளியில் கடல் குதிரையும் பிழைக்கும். அழிந்த இடங்களில், மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் கடற்புல் நாற்றுகளைப் பிணைத்துக் கடலடியில் நட்டு வளர்க்கும் பணியும் நடைபெற்று வருகிறது. நாற்று நடுவது நமக்குத் தெரிந்த வேலைதானே! தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில், ஊர் மக்களே வனத்துறையோடு சேர்ந்து அலையாத்திக் காட்டைப் பயணிகளுக்குப் படகில் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். உயிரோடிருக்கும் காடும் கடலும் கூட வருவாய் தரும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் விலை ஏறிவிட்டது என்று அந்நாட்களில் முணுமுணுக்காமல், கடல் இளைப்பாறட்டும் என்று எண்ணிக் கொள்வோம். தவக்காலத்தில் மாமிசம் விலக்கப் பழகிய நமக்கு அது பெரிதன்று.

பல வகை உயிர்களை இறைவன் ஏன் படைத்தார் என்ற கேள்விக்கு, அவருடைய நன்மையை ஒரே படைப்பால் முழுவதும் எடுத்துக் காட்ட இயலாது. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்கிறது என்று புனித தோமா அக்குவினார் விடை தந்தார். வலிமையைக் காட்டத் திமிங்கிலம் இருக்கிறது. பொறுமையையும் பணிவையும் காட்ட, புல்தாளைப் பற்றிக் கொண்டு ஒளிந்து நிற்கும் இந்தத் தந்தை இருக்கிறார். அவர் போய் விட்டால், அந்த ஒரு சொல்லை வேறெந்த உயிர் சொல்லும்?

அடுத்த முறை ஓரியூருக்கோ இராமேசுவரத்துக்கோ போகும்போது, உலர்ந்த கடல் குதிரையை எவரேனும் நீட்டினால் வாங்காதீர்கள். பரிசாகத் தந்தாலும் அன்போடு மறுத்து விடுங்கள். கடலோரத்தில் உறவினர் உள்ளவர்கள், வலையில் உயிரோடு வருவதை உடனே நீரில் விட்டு விடுமாறு சொல்லுங்கள். வீட்டில் வைத்திருப்பவர்கள் என்னிடம் வரலாம், வெட்கப்பட வேண்டாம். எப்படிப் போய்ச் சொல்வது என்பதை நான் அறிவேன்.

ஏனெனில் சென்ற வாரம் வனத்துறை அலுவலகத்துக்குப் போய், என் இழுப்பறையில் இருந்ததையும் அப்பத்தா தந்ததையும் மேசைமேல் வைத்தேன். எப்படி வந்தது என்று அலுவலர் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். எழுதிக் கையொப்பமும் இட்டேன். பலரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்ட எனக்கு, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது எளிதாக இல்லை.

பையன் இப்போது நலம். உறிஞ்சு மருந்தைக் காலையும் மாலையும் பிடித்துக் கொடுப்பது அவனுடைய தந்தைதான் என்று சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் அப்பத்தா வந்து சொன்னார்.

இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.